நாவு கட்டப்பட்ட இமாம்: கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் மனநோயாளிகளுக்கும் மஹல்லாவுக்கும் உள்ள பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார் மீதும், சத்திய ஸஹாபாக்கள் மீதும், அவர்கள் வழி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக!

தக்வாவைக் கொண்டு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்து கொள்கிறேன்.

இன்றைய ஜும்ஆவில் ஒரு பெரிய இமாமின் வாழ்க்கையைப் பேசப் போகிறோம். அதற்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றாகப் படித்துக் கொண்டிருந்த பிள்ளை. திடீரென்று சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, தொழுகைக்கும் வருவதில்லை. நான் என்ன செய்தேன்? ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஐந்து வேளைத் தொழுகையைச் சரியாகத் தொழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பையனுக்கு உபதேசமும் செய்து அனுப்பினேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. ஹஜ்ரத் சொன்னதை நம்பி அந்தக் குடும்பம் பல மாதங்கள் காத்திருந்தது. அந்தப் பிள்ளையோ, தனக்கு ஈமான் இல்லாததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று எண்ணி இன்னும் உடைந்து போயிருக்கிறான். பிறகு வைத்தியம் பார்த்து, அல்லாஹ்வின் கிருபையால் தேறிவிட்டான். ஆனால் அந்த மாதங்களுக்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். ஓதியது தவறல்ல, அது ஸுன்னத். ஓதியதோடு நிறுத்திக் கொண்டதுதான் தவறு.

அதற்குப் பிறகுதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். ஓதும் காலத்தில் அவர்களின் இஹ்யாவைப் படித்திருக்கிறோம். ஆனால் அதை எழுதியவர் ஒரு காலத்தில் ஒரு கவளம் சோறு கூட இறங்காமல், ஒரு வார்த்தை கூடப் பேச முடியாமல் முடங்கிக் கிடந்தவர் என்பதை நாம் நின்று யோசித்ததில்லை.

தூஸ் நகரின் அநாதைச் சிறுவர்கள்

ஹிஜ்ரி 450, கி.பி. 1058. குராசான் தேசத்தின் தூஸ் நகரில், இன்று ஈரானில் மஷ்ஹத் என்று அறியப்படும் ஊருக்கு அருகில், முஹம்மது என்ற அந்தக் குழந்தை பிறக்கிறது. தந்தை கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆலிம்களின் மஜ்லிஸில் போய் உட்காருவார், அங்கே அழுவார், தன் பிள்ளைகளை ஆலிம்களாக ஆக்கும்படி துஆ கேட்பார்.

பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. மவ்த்துக்கு முன், முஹம்மது, அஹ்மத் என்ற இரண்டு மகன்களையும், சேமித்து வைத்திருந்த கொஞ்சம் பணத்தையும், ஸூஃபியான தன் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், தானும் ஏழைதான், இனி மதரஸாவில் சேர்ந்து கொள்ளுங்கள், அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். வயிற்றுக்காகத்தான் தாம் மதரஸாவுக்குப் போனதாகவும், ஆனால் இல்மு தன்னை அல்லாஹ்வுக்காக மட்டுமே ஆக்கிக்கொண்டதாகவும் இமாம் பிற்காலத்தில் நினைவுகூர்வார்கள்.

ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் இவர்களின் பொருட்களைப் பறித்துக் கொண்டார்கள். இளைஞர் கஸ்ஸாலி அவர்களின் பின்னாலேயே ஓடினார். வேறு எதுவும் வேண்டாம், என் பாடக் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அதில்தான் என் இல்மு இருக்கிறது என்று கெஞ்சினார். தலைவன் சிரித்தான். காகிதத்தைப் பறித்தால் போய்விடும் இல்மு என்ன இல்மு என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சொல்லை அல்லாஹ் தனக்காகவே பேச வைத்ததாக எடுத்துக்கொண்ட கஸ்ஸாலி, அடுத்த மூன்று ஆண்டுகளில் எழுதியதையெல்லாம் மனனம் செய்து முடித்தார்.

பிறகு நைஸாபூர். அங்கே இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹ், உஸூல், கலாம், மன்திக் என்று எல்லாவற்றையும் கற்றார். ஹிஜ்ரி 478ல் உஸ்தாத் வஃபாத்தாகும் வரை அவர்களுடனேயே இருந்தார்.

பக்தாதின் உச்சியில்

சல்ஜூக் பேரரசின் வஸீர் நிஜாமுல் முல்க் இவரது அறிவைக் கண்டு வியந்தார். ஹிஜ்ரி 484ல், கி.பி. 1091ல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக நியமித்தார். அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக் கூடிய மிக உயர்ந்த பதவிகளில் அது ஒன்று. வயது 34 மட்டுமே. தம்மிடம் 300 மாணவர்கள் பாடம் கேட்டதாக அவர்களே குறிப்பிடுகிறார்கள். கலீஃபாவின் அரண்மனையில் மரியாதை, சுல்தானின் அவையில் மரியாதை. விவாத மேடையில் அவர்களை எதிர்த்து நிற்க ஆளில்லை.

அக்காலத்தில் வாழ்ந்து, அவர்களை நேரில் அறிந்து வரலாறு எழுதியவர் அப்துல் ஃகாஃபிர் அல்ஃபாரிஸி. அவர் ஒளிக்காமல் எழுதுகிறார்: அந்த நாட்களில் கஸ்ஸாலியிடம் பெருமை இருந்தது, தன் பேச்சுத் திறமையிலும் பதவியிலும் மயங்கி மற்றவர்களைக் குறைவாகப் பார்க்கும் குணம் இருந்தது.

வெளியே இவ்வளவு வெளிச்சம். உள்ளே? முன்பே ஒரு முறை, கண்ணால் பார்ப்பதையும் அறிவால் அறிவதையும் கூட நம்ப முடியாத ஒரு சந்தேக நோய் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தம்மை ஆட்டியதாக இமாம் எழுதியிருக்கிறார்கள். அதைத் தாம் ஒரு நோய் என்றே அழைக்கிறார்கள். வாதங்களை அடுக்கி அதிலிருந்து மீளவில்லை, அல்லாஹ் உள்ளத்தில் போட்ட ஒளியால்தான் மீண்டதாகச் சொல்கிறார்கள்.

இதற்கிடையே, ஹிஜ்ரி 485ல் நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். பேரரசு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டுகளிலும் இமாம் எழுதிக் கொண்டே இருந்தார்கள். தத்துவவாதிகளுக்கு மறுப்பாக எழுதிய தஹாஃபுத் என்ற புகழ்பெற்ற நூல் ஹிஜ்ரி 488ல் முடிந்தது.

நாவு கட்டப்பட்டது

அதே 488ஆம் ஆண்டு, ரஜப் மாதம். கி.பி. 1095.

இமாம் தம்மைத் தாமே விசாரித்துப் பார்த்தார்கள். நான் கற்பிப்பது யாருக்காக? அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா? பதில் அவர்களுக்கே பயமாக இருந்தது. இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக முடிவு செய்வார்கள், மறுநாள் அந்த முடிவு கலைந்துவிடும். ஒரு காலை முன்னே வைத்தால் இன்னொரு கால் பின்னே போகும். இப்படியே மாதக்கணக்கில் போராட்டம்.

பிறகு, முடிவெடுக்கும் அதிகாரமே அவர்களின் கையை விட்டுப் போனது. நாவு கட்டுப்பட்டுவிட்டது. வந்திருக்கும் மாணவர்களின் மனம் நோகக் கூடாது என்று ஒரு நாளாவது பாடம் நடத்த முயற்சி செய்வார்கள். ஒரு சொல் கூட வெளியே வராது. முஸ்லிம் உலகின் ஆகப் பெரிய பேச்சாளர், மாணவர்கள் முன்னே ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

பேச முடியாத துக்கம் உள்ளத்தில் இறங்கியது. உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்தது. பசி இல்லை. கஞ்சி, ரசம் போன்ற நீர் ஆகாரம் கூட இறங்கவில்லை. ஒரு கவளம் செரிக்கவில்லை. உடல் நலிந்து கொண்டே போனது.

சகோதரர்களே! இது யாரோ எதிரி எழுதிய கதையல்ல. அல்முன்கிது மினள் ளலால் என்ற நூலில் இமாம் தம் கையாலேயே எழுதியது. அவர்கள் வெட்கப்படவில்லை, மறைக்கவில்லை. ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்று உம்மத்து அழைக்கும் ஒருவர், நான் இப்படி உடைந்து போனேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வைத்தியர்கள் சொன்னதும் ஊர் சொன்னதும்

பக்தாதின் வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். அன்றைய பக்தாத் மருத்துவத்தில் பின்தங்கிய ஊர் அல்ல. அங்கே அளுதுத் தவ்லா ஹிஜ்ரி 372ல் கட்டிய பெரிய மருத்துவமனை இருந்தது. இமாம் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அபூஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் உடலின் நலத்தையும் மனதின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதியிருந்தார். உடலுக்கு நோய் வருவது போல மனதுக்கும் வரும் என்றும், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்றும் அதில் பிரித்துக் காட்டியிருந்தார். மனநோய் என்பது மேற்கத்தியர்கள் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்தியர்கள் இமாமைப் பரிசோதித்துவிட்டு, நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தை அழுத்தும் கவலை நீங்காதவரை மருந்து வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நேர்மையான வைத்தியர்கள் பாருங்கள்! நடிக்கிறார் என்று சொல்லவில்லை. சோம்பல் என்று சொல்லவில்லை. நோய் என்றார்கள், அது எங்கே இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஊர் என்ன சொன்னது? அதையும் இமாம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பதவியை விட்டுப் போனபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தூரத்தில் இருந்தவர்கள், ஆட்சியாளர்களின் கோபத்துக்குப் பயந்துதான் போகிறார் என்றார்கள். ஆட்சியாளர்களுக்கு நெருக்கமாக இருந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். அதனால் அவர்கள், இது வானத்திலிருந்து வந்த விஷயம், முஸ்லிம்கள் மீதும் ஆலிம்கள் மீதும் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். மார்க்கத்துக்காக ஒருவர் இவ்வளவு பெரிய பதவியை விடுவார் என்பதே இராக்கின் பெரிய மனிதர்கள் பலருக்குப் புரியவில்லை.

930 ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் தெருவில் ஒரு பெண் பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், நாமும் இதைத்தான் சொல்கிறோம். கண்ணேறு என்கிறோம், செய்வினை என்கிறோம், ஜின் பிடித்துவிட்டது என்கிறோம், ஈமான் போதாது என்கிறோம். கண்ணேறு உண்மை. ஜின்னும் உண்மை. அதை மறுப்பவன் முஃமின் அல்ல. ஆனால் ஜின் இருக்கிறது என்பதற்காக எல்லா நோயும் ஜின் ஆகிவிடாது. ஷைத்தான் இருக்கிறான் என்பதற்காக சர்க்கரை நோயாளியை இன்சுலினை நிறுத்தச் சொல்வோமா?

ஸிரியாவின் மினாராவில்

இமாம் என்ன செய்தார்கள்? தம்மால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாதவன் கெஞ்சுவது போல அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பதவியையும் செல்வத்தையும் விட்டுவிடுவது அவர்களின் உள்ளத்துக்கு அல்லாஹ் எளிதாக்கினான்.

ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்குப் போதுமான வாழ்வாதாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிச் செல்வத்தைத்தான் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மதரஸாவில் தமக்குப் பதிலாகப் பாடம் நடத்தும் பொறுப்பைத் தம்பி அஹ்மத் ஏற்றுக்கொண்டார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அந்த ஆண்டு துல்கஅதா மாதத்தில் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

டமாஸ்கஸின் உமவிய்யா பள்ளிவாசல். அதன் மினாராவில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு பகலெல்லாம் தனித்திருப்பார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஷாமில் கழிந்தன. பிறகு பைத்துல் முகத்தஸ். அங்கே குப்பதுஸ் ஸக்ராவில் தனிமை. பிறகு ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்துக்குப் போனார்கள். அங்கே மூன்று உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டார்கள்: ஆட்சியாளர்களின் வாசலுக்குப் போவதில்லை, அவர்களின் பணத்தை வாங்குவதில்லை, யாரோடும் வாதச் சண்டை போடுவதில்லை. தம்மை நோயில் தள்ளியது எது என்பதை அறிந்து, அதன் கதவைப் பூட்டினார்கள். பிறகு ஹஜ், மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் ஸியாரத். அதன் பின், பிள்ளைகளின் ஏக்கம் அவர்களைத் தாயகத்துக்கு இழுத்தது.

பதவியை விட்டதிலிருந்து மீண்டும் பாடம் நடத்த வந்தது வரை மொத்தம் பதினோரு ஆண்டுகள்! இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நாம் ஒரு நோயாளியிடம் மூன்று வெள்ளிக்கிழமை கழித்து, இன்னுமா சரியாகவில்லை என்று கேட்கிறோம். இமாம் கஸ்ஸாலிக்கு அல்லாஹ் பதினோரு ஆண்டுகள் அவகாசம் கொடுத்திருக்கிறான். இடையில் காலத்தின் சோதனைகளும் குடும்பக் கவலைகளும் தம் தனிமையைக் குலைத்ததாகவும், தெளிவான நிலை அவ்வப்போதுதான் வாய்த்ததாகவும், ஆனாலும் நம்பிக்கை இழக்கவில்லை என்றும் எழுதுகிறார்கள். தேறுவதும் திரும்ப விழுவதும் மீண்டும் எழுவதும் பலவீனம் அல்ல, அதுதான் குணமாகும் பாதை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இமாமின் துன்பத்துக்கு, அவர்களே சொல்வது போல, இக்லாஸ் பற்றிய போராட்டம் ஒரு பெரிய காரணம். அதற்காக மனம் உடைந்த ஒவ்வொருவரிடமும் போய் உன் இக்லாஸில் குறை இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. இமாம் தம் உள்ளத்தைத் தாமே விசாரித்தார்கள். அடுத்தவர் உள்ளத்தை விசாரிக்கும் வேலையை அல்லாஹ் நமக்குக் கொடுக்கவில்லை. அது போல, தனிமை இமாமுக்கு மருந்தானது. இன்னொருவருக்கு அதுவே விஷமாகலாம். மருந்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதை இமாமே நமக்குக் கற்றுத் தருகிறார்கள்.

உடைந்த உள்ளத்திலிருந்து வந்த நூல்

அந்தத் தனிமையின் ஆண்டுகளில்தான் இஹ்யா உலூமித்தீன் உருவானது. நான்கு பெரும் பகுதிகள், நாற்பது நூல்கள். தாம் அனுபவித்த துன்பத்தின் வாடை அதில் பல இடங்களில் வீசுகிறது. நான்கு விஷயங்களை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. நஃப்ஸைப் பயிற்றுவிக்கும் பாடத்தில், எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியன் பெரும்பாலானவர்களைக் கொன்றுவிடுவான் என்கிறார்கள். அது போல, எல்லா முரீதுக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கும் ஷைகு அவர்களின் உள்ளங்களைக் கொன்றுவிடுவார். வருபவரின் வயது, உடல்நிலை, சுபாவம், தாங்கும் சக்தி எல்லாம் பார்க்க வேண்டும். என் தவறு இங்கேதான் இருந்தது. வந்தவர் யார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்கும் உபதேசத்தையே கொடுத்தேன்.

இரண்டு. அச்சமும் ஆதரவும் பற்றிய பாடம். அல்லாஹ்வின் மீதுள்ள அச்சம் ஒரு சாட்டை போன்றது, அது நம்மை நடக்க வைப்பதற்காக. அந்த அச்சம் ஒருவரை நோயாளியாக்கினால், புத்தியைக் கெடுத்தால், நிராசையில் தள்ளினால், அது புகழத்தக்க அச்சமல்ல, பழிக்கத்தக்கது என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு நரகத்தைப் பற்றிய எச்சரிக்கை மருந்தாகாது. ரஹ்மத்தைச் சொல்வதுதான் மருந்து. உளூ முறிந்துவிட்டதோ, நிய்யத் சரியில்லையோ என்று மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் வஸ்வாஸ் நோயாளிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் மேலும் கடுமையாகப் பேசுவது, காயத்தில் உப்பைத் தடவுவது.

மூன்று. தவக்குல் பற்றிய பாடம். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போல உறுதியான காரணிகளை, உயிர் போகும் நிலையில் விடுவது ஹராம். வைத்தியர்களிடம் அறியப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்துவது தவக்குலுக்கு முரண் அல்ல. மாத்திரை சாப்பிட்டால் தவக்குல் குறைந்துவிடும் என்று சொல்பவர் இமாம் கஸ்ஸாலியை விடத் தவக்குலை அறிந்தவரா? நோய்க்கு மருந்து செய்யும்படி நம்மை ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள் அல்லவா?

நான்கு. மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இல்முடைய பாடத்தில் எழுதுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கூட இல்லை, யாரும் அதைப் படிக்க முன்வருவதில்லை, எல்லோரும் பதவி தரும் கல்விக்கே முண்டியடிக்கிறார்கள் என்று வருந்துகிறார்கள். இன்று நம் சமுதாயத்தில் பொறியாளர்கள் எத்தனை பேர்? மனநல மருத்துவர்கள் எத்தனை பேர்? நம் பெண்கள் கூச்சமில்லாமல் போய் மனம் விட்டுப் பேச, பயிற்சி பெற்ற நம் சகோதரிகள் எத்தனை பேர்?

நாவு திறந்தது

ஹிஜ்ரி 499ல், கி.பி. 1106ல், வஸீர் ஃபக்ருல் முல்க் வற்புறுத்தி அழைக்க, நைஸாபூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். பழைய கஸ்ஸாலி திரும்பவில்லை. அன்று பதவியைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன், இன்று பதவியை விடத் தூண்டும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்ற கருத்தில் தம் நிலையை விளக்கினார்கள்.

அதே அப்துல் ஃகாஃபிர் இவர்களைப் பலமுறை போய்ப் பார்த்தார். பழைய பெருமையைக் கண்டவர் என்பதால், இந்தப் பணிவு நடிப்பாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார். பழகிப் பார்த்த பிறகு, இது நடிப்பல்ல என்று எழுதினார்.

கடைசியில் சொந்த ஊர் தூஸ். வீட்டின் பக்கத்திலேயே ஒரு மதரஸாவும், ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். கடைசிக் காலத்தில் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் நூல்களை மாணவரைப் போல உட்கார்ந்து படித்தார்கள். ஹிஜ்ரி 505, ஜுமாதல் ஆகிர் 14, திங்கட்கிழமை. கி.பி. 1111 டிசம்பர். அதிகாலையில் உளூ செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். விடிவதற்குள் உயிர் பிரிந்தது. தம்பி அஹ்மத் சொன்னதாக இந்தச் செய்தி வந்திருக்கிறது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த 488ஆம் ஆண்டில், பேச முடியாத அந்த மனிதரை ஈமான் போனவர் என்று உம்மத்து ஒதுக்கி வைத்திருந்தால்? பைத்தியம் என்று கட்டிப் போட்டிருந்தால்? இஹ்யா நமக்குக் கிடைத்திருக்குமா?

நம் மஹல்லாவின் பொறுப்பு

கட்டிப் போடுவது என்று சொன்னேன். அது கற்பனையல்ல. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள் போயின. ஷிஃபா கிடைக்கும் என்று நம்பி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பே நம் மார்க்கம் தடுத்திருக்க வேண்டாமா? தடுத்தது. நாம்தான் கேட்கவில்லை.

புத்தி பேதலித்த ஒரு பெண் மதீனாவில் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் ஒரு தேவை இருக்கிறது என்றார். அவர்கள் அவரை விரட்டவில்லை. எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாய் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் தன் தேவையைச் சொல்லி முடிக்கும் வரை ஒரு வழியோரத்தில் அவருடன் நின்றார்கள். முஸ்லிம் ஷரீஃபில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. ஒரு சமுதாயத்தின் தலைவர், தெருவோரத்தில், புத்தி தடுமாறிய ஒருவருக்குச் செவி கொடுத்து நிற்கிறார். இதை விட என்ன ஆதாரம் வேண்டும்?

கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தபோது முகம் சுளித்ததற்காக அல்லாஹ் அபஸ என்ற ஒரு சூராவையே இறக்கினான். அதே ஸஹாபியைத்தான் நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக ஆக்கினார்கள், தாம் வெளியூர் சென்றபோது மதீனாவில் பொறுப்பாளராகவும் விட்டுச் சென்றார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப் போனதாகக் குர்ஆன் சொல்கிறது. நபியின் ஈமானில் குறை என்று யாராவது சொல்ல முடியுமா? துக்கத்தில் இருப்பவர்களுக்கு வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவைக் காய்ச்சிக் கொடுக்கும்படி ஆயிஷா (ரலி) அவர்கள் ஏவினார்கள். துக்கமும் உடல் சம்பந்தப்பட்டது, அதற்கு ஆகாரமும் வேண்டும் என்று அறிந்த மார்க்கம் இது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உங்களுக்கும் எனக்கும் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஓதிப் பார்ப்பவர்கள், ஆலிம்கள் அனைவருக்கும். யார் வந்தாலும் ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதோடு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தியதால் ஏதாவது ஆனால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

இரண்டாவது, குடும்பங்களுக்கு. சம்பந்தம் தடைபடும் என்று மறைக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். மறைத்துத் திருமணம் செய்து வைத்தால் நோய் போய்விடும் என்று நினைப்பது, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அது ஹராம் என்று வாயை அடைக்கும் முன், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். நம்மிடம் சொல்லக் கூச்சப்படுபவர் அங்கே சொல்லட்டும்.

மூன்றாவது, நம் அனைவருக்கும். ஒருவர் பல வாரங்களாக ஜும்ஆவுக்கு வரவில்லை என்றால், அவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். ஏன் தொழ வரவில்லை என்று கேட்காதீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வாசல் படியோடு திரும்பிப் போகாமல் இருக்க நம் பள்ளிவாசலுக்கு ஒரு சாய்வுப் பாதை வேண்டும். அதை இந்த ரமலானுக்கு முன் கட்டி முடிக்க இன்றே நிய்யத் செய்வோம்.

இந்தப் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில், யாரோடும் பேசாமல், ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடும் ஒருவர் இருக்கலாம். இதை வீட்டிலிருந்து படிக்கும் ஒருவர், தன் நாவு கட்டப்பட்டது போல உணரலாம். அவருக்குச் சொல்கிறேன்: நீங்கள் இருக்கும் அந்த இருட்டில் உங்களுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இருந்திருக்கிறார்கள். அவர்கள் அல்லாஹ்வால் கைவிடப்படவில்லை. நீங்களும் கைவிடப்படவில்லை.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! மனம் உடைந்தவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிக்கும் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுமையையும் கூலியையும் தருவாயாக! நாங்கள் அறியாமையால் காயப்படுத்தியவர்களின் விஷயத்தில் எங்களை மன்னிப்பாயாக! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.